தை பின்பாதியில் வந்துவிடு

பொள்ளாச்சி,
ஐப்பசிக் கடைசி.

அன்புள்ள சுப்பிரமணி,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே மழை பரவாயில்லை, ஆழியாறில் தண்ணீர் நிற்கிறது. தென்னையைப் பற்றிக் கேட்டிருந்தாய். வேர்வாடல் நோய் வடக்குத் தோப்பையும் விட்டுவைக்கவில்லை. நோய் முற்றிய மரங்களை வெட்டி எடுத்தாயிற்று. மிச்சமிருக்கிற மரங்களுக்கு ஊடே ஜாதிக்காய் வைக்கலாமா என்று யோசனை. அதை நேரில் பேசிக்கொள்வோம்.

பேரனை மே மாத லீவில் ஆனைமலைக் காட்டில் இருக்கிற டாப்ஸ்லிப்புக்குக் கூட்டி வரட்டுமா, புலி பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறாய். மே வேண்டாம், சுப்பிரமணி. தை பின்பாதியில் வா. பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, மாசி பிறப்பதற்குள். ஒரு வெள்ளிக்கிழமையும் திங்கட்கிழமையும் பள்ளிக்கு மட்டம் போட்டால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. உன் மகளிடம் நான் வேண்டுமானாலும் பேசுகிறேன்.

டாப்ஸ்லிப்பைச் சுற்றி இருப்பதில் பெரும்பகுதி தேக்கு. ஆடி, ஆவணியில் போனால் வழியின் இரண்டு பக்கமும் பச்சைச் சுவர்தான். பத்தடி தள்ளி யானை நின்றாலும் தெரியாது, காலெல்லாம் அட்டை ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழையும் ஓய்ந்த பிறகு தேக்கு இலையை உதிர்க்க ஆரம்பிக்கும், புதரும் புல்லும் மெலியும். தை பின்பாதிக்குக் காடு உள்ளே வரைக்கும் திறந்துவிடும். சின்ன ஓடைகள் வற்றுவதால் விலங்குகள் தண்ணீர் நிற்கிற இடங்களைத் தேடி வரும், ஆனால் பஞ்சம் இன்னும் வந்திருக்காது. காட்டுமாட்டின் உடம்பில் எண்ணெய் தடவிய மினுமினுப்பு அப்படியே இருக்கும். காய்ந்த தேக்கிலை மேல் எது நடந்தாலும் சத்தம் கேட்டுவிடும் என்பதால், பார்ப்பதற்கு முன்பே காது தயாராகிவிடும். பேரனுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். வண்டி நின்றதும் வாயை மூடிக்கொண்டு காதைத் திறக்கச் சொல்.

அந்தத் தேக்குகளுக்கு நடுவில் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறை இருக்கிறது. 1933-ல் இறந்தவர். மொட்டையடித்த மலையில், வெட்டிய அடிக்கட்டையிலிருந்தே மரத்தைத் திரும்பத் துளிர்க்க வைத்தவர். முடிந்தால் அவனுக்கு அதையும் காட்டுவோம்.

தையைச் சொல்வதற்கு எனக்கு இன்னொரு பெரிய காரணம் இருவாச்சி என்கிற பெரிய அலகுப் பறவை. தையிலிருந்து சித்திரை வரைக்கும் அதற்குக் கூடு காலம். பெட்டை ஒரு பெரிய மரத்தின் பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறலை மட்டும் விட்டு வாசலை அடைத்துவிடும். அப்புறம் மாதக்கணக்கில் அதற்குச் சோறு போடுவது சேவலின் வேலை. போன வருஷம் மலசர் இனத்தைச் சேர்ந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரோடு தூரத்தில் உட்கார்ந்து பைனாகுலரில் பார்த்தேன். முதலில் வந்தது சத்தம்தான், களத்தில் முறத்தை வீசித் தூற்றுகிற மாதிரி, தலைக்கு மேலே. சேவல் வந்து மரத்தில் ஒட்டிக்கொண்டது. தொண்டையை ஒரு வெட்டு வெட்டியது, அலகு நுனியில் ஒரு அத்திப்பழம் வந்து நின்றது. கீறலுக்குள்ளிருந்து மஞ்சள் அலகு கொஞ்சமே கொஞ்சம் நீண்டு அதை வாங்கிக்கொண்டது. மறுபடி ஒரு வெட்டு, இன்னொரு பழம். அந்தப் பெரிய பறவை எத்தனை பழத்தைத் தொண்டையில் வைத்திருந்தது என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். கேமராவோடு கூடு வரைக்கும் போய் நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஆள் நின்றால் சேவல் கிட்ட வராது, உள்ளே இருக்கிற இரண்டு உயிரும் பட்டினிதான். அதனால் நாம் காவலர் சொல்கிற இடத்தைத் தாண்ட மாட்டோம்.

மாசி பிறந்துவிட்டால் கதை மாறும். தீக்காலம். மலையேற்றத்தை நிறுத்திவிடுவார்கள், சில வருஷம் சுற்றுலாவையே நிறுத்துவதும் உண்டு. அதைக் கெடுபிடி என்று யாரும் சலித்துக்கொள்ளக் கூடாது. 2018 மார்ச்சில் தேனிப் பக்கத்துக் குரங்கணியில் மலையேறப் போய்க் காட்டுத்தீயில் செத்துப்போனவர்களில் நம் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

யானைதான் வேண்டும் என்றால் மட்டும் பங்குனியைச் சொல்வேன், அதுவும் பவானிசாகர் பக்கம். அணைத் தண்ணீர் இறங்க இறங்க, வெளியே வந்த மண்ணில் பசும்புல் முளைக்கும். அதற்கும் தண்ணீருக்குமாக மோயாற்றுப் பக்கத்திலிருந்து கூட்டம் கூட்டமாக வரும். ஆனால் அது அவற்றுக்குக் கஷ்டகாலம். ஒரு பெரிய யானைக்கு ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். குடிக்க வருகிற வழியில் காரை நிறுத்திப் படம் எடுக்கிற கூட்டத்தில் நாமும் ஒருவராக வேண்டாம். தூரத்திலிருந்து பார்க்கிறதானால் சரி.

மே மாதம்தான் என்று வீட்டில் பிடிவாதமாக நின்றால், வால்பாறைக்குப் போவோம். அங்கே புதுத்தோட்டத்தில் இருக்கிற சோலைமந்திகளுக்கு, அதாவது சிங்கவால் குரங்குகளுக்கு, பருவம் பார்க்க வேண்டியதில்லை, ரோட்டுக்கு மேலே கட்டியிருக்கிற பாலத்தில் அவை நடந்து போவதை அங்கே எந்த மாதமும் பார்க்கலாம். தீனி மட்டும் ஒரு துண்டு கூடப் போடக் கூடாது. கோடைமழை விழுந்த பிறகு ஆனைமலையில் மரம் மரமாக மின்மினிகள் ஒன்றாக மின்னி ஒன்றாக அணைகிற காலமும் அதுதான். அந்தக் காட்டுக்குள் ராத்திரியில் நம்மை விட மாட்டார்கள், விடவும் கூடாது.

இப்போது புலி. ஆனைமலை 2007-லிருந்து புலிகள் காப்பகம், சத்தியமங்கலம் 2013-லிருந்து. புலி இருக்கிறது, ஆனால் இது அடர்ந்த மலைக்காடு. வண்டியில் போகிறவன் கண்ணில் படுவது அபூர்வம், அதைப் பையனிடம் முதலிலேயே சொல்லிவிடு. அவனுக்குப் புலியே கதி என்றால் இன்னொரு வருஷம் சித்திரை வெயிலில் மகாராஷ்டிராவின் தடோபாவுக்குக் கூட்டிப் போ. அங்கே குட்டைகள் வற்றி, மிச்சமிருக்கிற தண்ணீரில் புலி வந்து படுத்துக் கிடக்கும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை மையப் பகுதியை மூடிவிடுவார்கள், அதைப் பார்த்துக்கொள். இங்கே மலைப்பக்கத்து விடுதிகளில் சிலர் ராத்திரி ஜீப்பில் புலி காட்டுவதாகச் சொல்லிக் காசு கேட்பார்கள். என் மருமகனிடமே ஒருத்தர் கேட்டிருக்கிறார். அது சட்டப்படி குற்றம், விலங்குக்கும் தொந்தரவு. யார் கூப்பிட்டாலும் போகாதே.

நீங்கள் ஈரோட்டில் ரயில் இறங்கினால் நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். முதல் நாள் காலையில் வெள்ளோடு ஏரிக்குப் போய்விடலாம். தையில் கூழைக்கடாவும் நாரையும் இருக்கும், வடக்கிலிருந்து வந்த வாத்துகளும் கிளம்பியிருக்காது. மறுநாள் சேத்துமடை செக்போஸ்ட் வழியாக மேலே ஏறுவோம். விடியற்காலை வண்டியும் சாயங்கால வண்டியும் போதும், நடுப்பகலில் ஒன்றும் அசையாது. பளிச்சென்ற சட்டையும் சென்ட்டும் வேண்டாம் என்று பையனுக்குச் சொல். பிளாஸ்டிக் பாட்டிலை செக்போஸ்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், எவர்சில்வர் கூஜா கொண்டு வா.

வனத்துறை அறைகள் சீக்கிரம் நிறைந்துவிடும். எந்த வாரம், எத்தனை பேர் என்று இந்த மாதத்துக்குள் எழுது, நான் பதிவு செய்து வைக்கிறேன். தங்கச்சிக்கு டாக்டர் பயணத்துக்குச் சரி சொன்னால் அவளையும் அழைத்து வா.

அன்புடன்,
சென்னியப்பன்