ஜிபிஎஸ் வோட்ச் வாங்கப்போகும் பெற்றோருக்கும் அதை விற்கும் கடைக்காரருக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மட்டக்களப்பில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நெடுங்காலமாக ஓட்டப் பயிற்சி கொடுத்து வருகிறேன். இப்போதெல்லாம் மைதானத்துக்கு வரும் தாய் தகப்பன்மார் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "சேர், இவனுக்கு எந்த வோட்ச் வாங்கிக் கொடுக்கலாம்?" இதயத்துடிப்பும் ஜிபிஎஸ்ஸும் (செய்மதி சிக்னலை வைத்து இடத்தையும் ஓடிய தூரத்தையும் கணிக்கிற வசதி) காட்டுகிற, கையில் கட்டுகிற ஸ்போர்ட்ஸ் வோட்ச்சைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியாது, கடைகளிலும் யாரும் ஒழுங்காக விளங்கப்படுத்துவதில்லை, அதனால்தான் உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜிபிஎஸ்ஸில் இருந்தே தொடங்குகிறேன், சனங்கள் அதிகம் ஏமாறுவது அதில்தான். சில வோட்ச்களுக்குள் ஜிபிஎஸ் சிப் இருக்கிறது. வேறு சிலவற்றில் அது இல்லை, பக்கத்தில் இருக்கும் போனின் ஜிபிஎஸ்ஸைப் புளூடூத் வழியாக இரவல் வாங்கித் தூரம் காட்டும். இரண்டு பெட்டியிலும் ஜிபிஎஸ் என்ற சொல் இருக்கலாம். போனை வீட்டில் வைத்துவிட்டு ஓடினால் இரண்டாவது வகை கை வீச்சை வைத்துக் காலடியை எண்ணி, தூரத்தை ஒரு குத்துமதிப்பில்தான் சொல்லும். ஓட்டப் பயிற்சிக்கு வருகிற பிள்ளை போனையும் கையில் பிடித்துக்கொண்டா ஓடும்? என்னிடம் வரும் ஒரு பெடியனின் தகப்பன், கடலுக்குப் போய் உழைத்த காசில், கடை ஒன்றில் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினார். "ஜிபிஎஸ் இருக்கு" என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். மைதானத்தில் கட்டிப் பார்த்தபோது உள்ளே ஒன்றும் இல்லை. திருப்பிக் கொண்டுபோனால் பெட்டி திறந்துவிட்டது, எடுக்க மாட்டோம் என்றார்களாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெயரைப் பார்த்து மட்டும் வாங்கக்கூடாது. ரெட்மி வோட்ச் 3 என்பதற்குச் சொந்த ஜிபிஎஸ் இருக்கிறது, ரெட்மி வோட்ச் 3 ஆக்டிவ் என்பதற்கு இல்லை. ஷியோமியின் பேண்ட் 7 ப்ரோவில் இருக்கிறது, பேண்ட் 8இல் இல்லை. புதியது என்றால் எல்லாம் இருக்கும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். கடையிலேயே சோதிக்கலாம்: போனில் புளூடூத்தை நிறுத்திவிட்டு, வோட்ச்சை றோட்டுக்குக் கொண்டுவந்து, வெளி ஓட்டம் என்பதை அழுத்துங்கள். சற்று நேரத்தில் சிக்னல் கிடைத்துவிட்டது என்று காட்டினால் உள்ளே ஜிபிஎஸ் இருக்கிறது. போனை இணை என்று கேட்டால் இல்லை. இதைச் செய்ய விடாத கடையில் வாங்க வேண்டாம்.

மறுபக்கம், தேவையில்லாத விலை கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். இப்போது விலைகூடிய வோட்ச்களில் இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ் வருகிறது. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே செய்மதி சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்து வருவதால் இடம் பிசகும், அதைத் திருத்தத்தான் அந்த இரண்டாவது அலைவரிசை நன்றாக உதவும். கொழும்பில் ஓடுகிறவருக்கு அதனால் பயன் இருக்கலாம். கல்லடிக் கடற்கரையில் நாவலடிப் பக்கம் ஓடுகிறவனுக்கு, அல்லது மண்முனைப் பாலத்தைத் தாண்டிக் கொக்கட்டிச்சோலை வயல்வெளியில் சைக்கிள் ஓடுகிறவனுக்கு எது மறைக்கிறது? வானம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. சாதாரண ஜிபிஎஸ்ஸே இங்கே நன்றாக வேலை செய்யும். உயரம் அளக்கிற பாரோமீற்றரும் அப்படித்தான், எங்கள் எழுவான்கரையில் ஏறுவதற்கு மலை ஏது. வோட்ச்சுக்குள் வரைபடமும் பாட்டும் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். அந்தக் காசை மிச்சம் பிடித்தால் நான் பின்னால் சொல்லப்போகிற நெஞ்சுப்பட்டி வாங்கலாம்.

400 மீற்றர் ஓடுபாதையில் ஜிபிஎஸ் தூரத்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ காட்டத்தான் செய்யும், வளைவில் சுற்றிச் சுற்றி ஓடும்போது ஒவ்வொரு புள்ளியிலும் சில மீற்றர் பிசகு சேர்ந்துவிடும். அதற்காக வோட்ச் பழுது என்று நினைக்க வேண்டாம், ஓடுபாதையில் சுற்றை எண்ணுங்கள். வெளியே ஓடும்போது சிக்னல் கிடைக்கும் வரை நின்று பிறகு தொடங்குங்கள். போனோடு பல நாள் இணைக்காமல் விட்டால் செய்மதி எங்கே இருக்கிறது என்ற தகவல் பழையதாகி, சிக்னல் பிடிக்க நேரமெடுக்கும்.

இனி இதயத்துடிப்பு. வோட்ச்சின் அடியில் பச்சை வெளிச்சம் மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெளிச்சத்தை இரத்தம் உறிஞ்சும், ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் இரத்தத்தின் அளவு கூடிக் குறைவதால் திரும்பி வரும் வெளிச்சமும் கூடிக் குறையும், அதை எண்ணித்தான் துடிப்பைச் சொல்கிறது. சும்மா இருக்கும்போதும் நடக்கும்போதும் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஓடும்போதுதான் சிக்கல், ஏனென்றால் வோட்ச் கையில் குலுங்குகிறது, வெளியே இருந்து வெளிச்சம் நுழைகிறது. 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல வோட்ச்களைச் சோதித்தபோது, உடல் அசையும் நேரத்தில் பிழை ஓய்வு நேரத்தை விடச் சராசரியாக 30 சதவீதம் கூடியிருந்தது. எங்களைப் போன்ற கறுத்தத் தோலில் இது வேலை செய்யுமா என்றும் பலர் கேட்கிறார்கள். அதே ஆய்வு தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்றுதான் கண்டது. ஆகவே அதை நினைத்துப் பயப்பட வேண்டாம், பட்டி தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு பிசகு இருக்கிறது, பயிற்சி கொடுக்கிறவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஓடும் பிள்ளையின் கால் நிமிடத்துக்கு 160, 170, 180 தடவை நிலத்தில் படும். வோட்ச் சிலவேளை அந்தக் காலடித் தாளத்தைப் பிடித்துக்கொண்டு அதையே துடிப்பு என்று காட்டிவிடும். பிள்ளை கதைத்துக்கொண்டு மெதுவாக ஓடுகிறது, வோட்ச் 172 என்கிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். நிறுத்தி, கழுத்தில் விரலை வைத்து 15 செக்கன் எண்ணி நான்கால் பெருக்கிப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும். வோட்ச்சை மணிக்கட்டு எலும்பில் கட்டாமல் ஒரு விரல் அகலம் மேலே, அசையாத அளவுக்கு இறுக்கிக் கட்டினால் பாதிப் பிரச்சினை போய்விடும். 13, 14 வயதுப் பிள்ளையின் மெல்லிய கையில் பெரிய வோட்ச் ஒருநாளும் ஒழுங்காக இருக்காது, 42 மில்லிமீற்றர் அளவில் பாரம் குறைந்ததாகப் பாருங்கள். கார்மின் ஃபோர்ரன்னர் 55 அப்படியான ஒன்று, 37 கிராம்தான், தொடுதிரை இல்லாமல் பொத்தான்கள். வேர்த்த விரலால் தொடுதிரையை அழுத்திப் பார்த்தவர்களுக்குப் பொத்தானின் அருமை தெரியும். அதன் திரையும் வெயில் பட்டால் இன்னும் தெளிவாகத் தெரிகிற வகை. அதைத்தான் வாங்கு என்று சொல்லவில்லை, அந்தக் குணங்கள் உள்ளதாகத் தேடுங்கள்.

200 மீற்றர், 400 மீற்றர் என்று விட்டுவிட்டு வேகமாக ஓடுகிற பயிற்சிக்குக் கை வோட்ச்சின் துடிப்பு எண்ணை நான் நம்புவதில்லை. எண் ஏறி வருவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். அதற்கு நெஞ்சில் கட்டும் பட்டிதான் வேண்டும். அது வெளிச்சத்தை நம்புவதில்லை, இதயத்தின் மின் சமிக்ஞையை நேராகப் பிடிக்கிறது. பின்லாந்தின் போலார் கம்பனி 1980களின் தொடக்கத்திலேயே இப்படி வயர் இல்லாத பட்டியை விற்கத் தொடங்கிவிட்டது, இன்றைக்கும் துல்லியத்தில் கை வோட்ச் இதை முந்தவில்லை. கட்டுவதற்கு முன் உட்பக்கத்தைத் தண்ணீரில் நனைக்க வேண்டும், அதை மறந்தால்தான் ஆரம்பத்தில் எண் தாறுமாறாக வரும்.

எண் சரியாக வந்தாலும் எங்கள் வெக்கையை மறந்துவிட்டு அதை வாசிக்கக்கூடாது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் ஒரு பிள்ளை அதே வேகத்தில் ஓடினாலும் துடிப்பு கூடத்தான் காட்டும், உடம்பைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்குப் போகிறது, வேர்வையில் நீர் குறைகிறது, இதயம் கூடுதலாக அடிக்க வேண்டியிருக்கிறது. குளிர் நாட்டுப் பயிற்சி அட்டவணையை இறக்கி வைத்துக்கொண்டு "ஏன் இவனுக்கு எண் இறங்கவில்லை" என்று பிள்ளையை ஏசாதீர்கள். விடிய ஓடுங்கள், பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு ஓடுங்கள். 220இல் இருந்து வயதைக் கழிக்கிற கணக்கும் வெறும் சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடலாம், குறையலாம்.

காலையில் கல்லடிப் பாலத்தில் நடக்கிற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிறஷருக்கு இதயத்துடிப்பைக் குறைக்கிற மருந்து எடுக்கிறவர்களுக்கு இந்த 220 கணக்கு பொருந்தவே பொருந்தாது, எந்த அளவு வரை போகலாம் என்று டொக்டரிடம் கேளுங்கள். நெஞ்சு நோவு வந்தால் வோட்ச் நல்ல எண் காட்டுகிறதே என்று நிற்க வேண்டாம், உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள், அது இலவசம்.

தண்ணீர் விஷயம் சுருக்கமாக: 5 ஏடிஎம் அல்லது 50 மீற்றர் என்று போட்டிருந்தால் நீந்தலாம், ஆனால் அது அமுக்கத்தைச் சொல்கிற அளவு, 50 மீற்றர் ஆழத்துக்குப் போகலாம் என்பதல்ல. கடலில் இறங்கினால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, காய்ந்த பிறகு சார்ஜ் போடுங்கள். வேர்வை உப்பும் சார்ஜ் முனைகளை அரித்துவிடும்.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொரு வோட்ச்சின் விலைச் சீட்டிலும் "உள்ளே ஜிபிஎஸ் உண்டு", "போனின் ஜிபிஎஸ்" என்று தமிழில் எழுதி வையுங்கள். வாரண்டி கடையுடையதா ஏஜென்டுடையதா, பழுதானால் எங்கே அனுப்புவீர்கள் என்பதையும் பில்லில் எழுதுங்கள். வாங்குகிறவர்கள் பில் இல்லாமல் வெளியே வராதீர்கள். இல்லாததை இருக்கிறது என்று சொல்லி விற்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம், அதற்குப் பில்தான் ஆதாரம்.

பாடசாலைகளுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் என் யோசனை வேறு. ஒவ்வொரு பிள்ளைக்கும் வோட்ச் வாங்க எங்கள் ஊரில் எத்தனை குடும்பத்தால் முடியும்? விளையாட்டு அறைக்கு இரண்டு சாதாரண ஜிபிஎஸ் வோட்ச்சும் நாலைந்து நெஞ்சுப்பட்டியும் இருந்தால் ஓட்ட அணி முழுவதையும் முறை வைத்து அளக்கலாம். பட்டியைக் கழற்றித் துவைக்கலாம், சில வகைகளுக்கு நாணயக் குற்றி அளவிலான பற்றரி மாற்றினால் போதும், சார்ஜரே தேவையில்லை. கனடாவில், லண்டனில், சுவிஸில் இருந்து லீவுக்கு வருகிற உறவினர்கள் மருமகனுக்கு விலைகூடிய வோட்ச் ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பதை விட, படித்த பாடசாலைக்கு இரண்டு பட்டி கொண்டுவந்தால் கூடுதல் பிள்ளைகள் பயன்படுத்துவார்கள். வோட்ச்தான் கொண்டுவருவேன் என்றால் ரசீதையும் வோட்ச்சுக்கு மாற்றுக் கைப்பட்டி ஒன்றையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள், அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டி செல்லுமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓட்டப் பயிற்சியாளர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.