வெப்பத்தில் கிடந்து வந்த ஊசிப் பேனா: மாற்றித் தாருங்கள், இல்லையென்றால் காசைத் தாருங்கள்

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஆரையம்பதியில் இருந்து எழுதுகிறேன். உங்கள் கொழும்பு அலுவலகத்தில் நான் கதைக்காத ஆள் இனி இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம். ஒருவர் எடுத்தால் "இது எங்கட பகுதி இல்லை" என்கிறார், மற்றவர் பொறுங்கள் என்று சொல்லிப் பாட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார், அந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டே என் ரீலோட் முடிந்துபோகிறது.

விடயம் உங்களுக்குத் தெரியும். சீனி வருத்தத்துக்கும் எடை குறையவும் கிழமைக்கு ஒருமுறை போடும் செமாகுளுடைட் ஊசிப் பேனா, 1 மில்லிகிராம். டொக்டரின் மருந்துச் சிட்டையைப் படம் எடுத்து அனுப்பி, முழுக் காசையும் முன்கூட்டியே வங்கியில் கட்டித்தான் ஓடர் செய்தேன். வெள்ளிக்கிழமை மட்டக்களப்புக் கூரியர் கிளைக்கு வந்த பார்சல் சனி, ஞாயிறு, பிறகு திங்கள் போயா விடுமுறை என்று அங்கேயே கிடந்து செவ்வாய் மத்தியானம்தான் என் கைக்கு வந்தது. ரெஜிபோம் பெட்டியைத் திறந்தால் ஐஸ் பைகள் தண்ணீராகித் தொளதொளவென்று கிடக்கின்றன, உள்ளே இருந்த மட்டைப் பெட்டி ஊறி மூலை பிரிந்திருக்கிறது, ஸ்டிக்கரில் பேனையால் எழுதியிருந்த என் பெயர் கரைந்து நீலக் கறையாகிவிட்டது. பேனாவைத் தொட்டால் வெதுவெதுப்பு. முதல் ஊசி போடும்வரை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும் என்று அதோடு வந்த தாளிலேயே இருக்கிறது. இங்கே இப்போது நிழலிலேயே 30 பாகைக்கு மேல் போகிறது. போயா வருவது கலண்டரிலேயே இருக்கிறது, அது தெரிந்தும் வியாழக்கிழமை அனுப்பியது யார்?

அன்று பின்னேரமே படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலச் சரி விழுந்தது, பதில் விழவில்லை. சரி, அழைத்துக் கேட்போம் என்று அழைத்தால் உங்கள் அலுவலகத்தில் ஒரு பிள்ளை எடுத்தாள். பெயர் கேட்டேன், சொல்லவில்லை. "மருந்து நிறம் மாறியிருக்கா அன்ரி? தெளிவா இருந்தா போடுங்க" என்றாள். தெளிவாக இருந்தால் மருந்தின் வீரியம் போகவில்லை என்று எந்தப் பாமசிஸ்ட் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்? இது பெப்டைட், அதாவது புரதம் போன்ற மருந்து, சூட்டில் கெட்டாலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று இல்லை. அப்படியென்றால் பாவிக்கலாம் என்று எழுத்தில் தாருங்கள் என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னது: "சோத்தக் கொஞ்சம் குறைச்சா இந்த ஊசியே தேவப்படாதே அன்ரி." பின்னால் யாரோ சிரித்த சத்தமும் கேட்டது.

முகாமையாளர் அவர்களே, உங்கள் நிறுவனம் விற்பது என்ன மருந்து என்று உங்கள் ஆட்களுக்கே தெரியாதா? இது அழகுக்குப் போடும் ஊசி இல்லை. எனக்குச் சீனி வருத்தம், முழங்கால் தேய்ந்து படி ஏற முடியாது. சோற்றைக் குறைத்து, குரக்கன் பிட்டுக்கு மாறி, கல்லடிக் கடற்கரையில் நடந்து, எடை குறைக்கும் ஓர்லிஸ்டாட் குளிசை குடித்து வயிறு கலங்கி, எல்லாம் பார்த்த பிறகுதான் டொக்டர் இதை எழுதினார். இந்த ஊசியால் இரைப்பை மெதுவாக வெறுமையாகிறது, மூளைக்குப் பசி குறைவாகத் தெரிகிறது, அதனால்தான் எடை இறங்குகிறது. 0.25 மில்லிகிராமில் நாலு கிழமை, பிறகு 0.5, பிறகு 1 என்று ஏற ஏற வாந்தியும் குமட்டலும் வரும். அதையெல்லாம் தாங்கித்தான் ஒன்பது கிலோ குறைத்தேன். அதை ஒரு சிரிப்பில் அவள் தட்டிவிட்டாள்.

மலிவாக பேஸ்புக்கில் விற்கிறார்கள், நான் அங்கே போகவில்லை. 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் போலி செமாகுளுடைட் பற்றி எச்சரிக்கை விட்டதைப் பார்த்துப் பயந்துதான், பதிவுள்ள நிறுவனம் என்று நம்பி உங்களிடம் வந்தேன். கூடுதல் காசும் கொடுத்தேன்.

அப்புறம் அம்பாறைப் பயணம். "அம்பாறையில எங்கட களஞ்சியம் இருக்கு, கொண்டுபோய்க் குடுத்தா மாத்தித் தருவாங்க" என்று உங்கள் வேறொரு தம்பி சொன்னான். பாடசாலைக்கு லீவு போட்டு, பேனாவை ஐஸோடு பிளாஸ்குக்குள் வைத்து, அக்கரைப்பற்று பஸ்ஸில் காரைதீவுச் சந்திவரை நின்றபடி போய், அங்கே வேறு பஸ் ஏறிச் சம்மாந்துறை வழியாக அம்பாறைக்குப் போனேன். முழங்கால் நோவோடு. வாசலில் காவலாளி சிங்களத்தில் ஏதோ சொன்னார், உள்ளே ஒருவர் வந்து படிவம் நீட்டினார், அதில் தமிழ் ஒரு எழுத்தும் இல்லை. தட்டுத்தடுமாறி நிரப்பிக் கொடுத்தால், அதைப் பார்த்துவிட்டு "இங்க மருந்து திருப்பி எடுக்கிறதில்ல, இது பாமசிகளுக்கு அனுப்புற இடம்" என்கிறார். அதை வாசலிலேயே சொல்லியிருக்கலாமே! ஒரு கதிரை தரவில்லை, ஒரு வாய் தண்ணீர் தரவில்லை. வீடு வந்து சேர இருட்டிவிட்டது, அடுத்த நாள் காலைக் கீழே ஊன்ற முடியவில்லை.

அந்தத் தம்பியையாவது மன்னிக்கலாம், தெரியாமல் சொல்லியிருப்பான். சோற்றைக் குறைக்கச் சொன்னவளை என்னால் மன்னிக்க முடியாது.

இதற்கிடையில் ஊசி தவறிக்கொண்டே போகிறது. இப்படி இடைவெளி விழுந்தால் திரும்பவும் 0.25 இல் இருந்து ஏற வேண்டி வரலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். இந்த மருந்தை நிறுத்தியவர்களுக்குக் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருடத்துக்குள் திரும்பி வந்ததை ஆய்விலேயே கண்டிருக்கிறார்கள். பசி எனக்கு இப்போதே பழையபடி திரும்பிவிட்டது. என் உடம்பு, என் உழைப்பு, நான் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு எல்லாவற்றையும் நாசமாக்கிவிட்டீர்கள். ஐந்து இலட்சம் நட்டஈடு கேட்டாலும் அது குறைவு என்றுதான் சொல்வேன்.

ஆனாலும் தயவாகவே கேட்கிறேன். குளிர் கெடாமல், வார நாளில் கைக்குக் கிடைக்கும்படி ஒரு புதிய பேனா அனுப்புங்கள், அல்லது கட்டிய காசை முழுவதும் திருப்பித் தாருங்கள். பழைய பேனாவை உங்கள் ஆளே வந்து எடுத்துக்கொண்டு போகட்டும், நான் இனி எங்கும் தூக்கிக்கொண்டு அலைய மாட்டேன். உங்கள் பாமசிஸ்ட் கையெழுத்தோடு ஒரு விளக்கமும் வேண்டும். அந்தப் பிள்ளை என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைப்பேன், தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கும் படங்கள், தொகுதி இலக்கம், வங்கிச் சிட்டை எல்லாவற்றோடும் எழுதுவேன். கடிதம் ஏற்கனவே எழுதி வைத்தாயிற்று. உங்களிடம் மருந்து எடுக்கும் இன்னும் சில பேரைக் கிளினிக்கில் எனக்குத் தெரியும், அவர்களிடமும் சொல்வேன்.

அழைப்பதென்றால் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு அழையுங்கள், வகுப்பில் போன் எடுக்க முடியாது. வெறுமனே சமாதானம் சொல்ல யாரும் அழைக்க வேண்டாம், முடிவு எடுக்க அதிகாரம் உள்ள ஒருவர் அழையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஆரையம்பதி, மட்டக்களப்பு.