நினைவு நாள் அறிவிப்பு: 2026 ஏப்ரல் 20, 21

இஸ்ரேலில் முதியோர் பராமரிப்புப் பணியிலிருக்கும் நம் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

போரிலும் தாக்குதல்களிலும் உயிர்நீத்தோரை இந்நாடு நன்றியுடன் நினைவுகூரும் யோம் ஹசிக்கரோன், திங்கள் மாலை தொடங்கிச் செவ்வாய் மாலை வரை கடைப்பிடிக்கப்படுகிறது.

1. திங்கள் இரவு 8 மணிக்கு ஒரு நிமிடமும், செவ்வாய் காலை 11 மணிக்கு இரண்டு நிமிடங்களும் சைரன் சங்கு ஒரே சீராக ஒலிக்கும்போது, நெடுஞ்சாலையில் செல்வோர்கூட வண்டியை நிறுத்தி, கதவருகே இறங்கித் தலைகுனிந்து நிற்பார்கள் என்பதால், நாமும் கைவேலையை விட்டு எழுந்து நிற்க வேண்டும்.

2. பெரியவர்கள் ஏற்றும் நினைவு விளக்கை அணைக்காதீர்கள்.

3. கல்லறைக்கு உடன் செல்வோர், அங்கு வைப்பதற்குச் சிறு கூழாங்கல் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். மகனை இழந்த தாய் எவ்வளவு நேரம் அமர்ந்திருந்தாலும், தயவுசெய்து அவசரப்படுத்த வேண்டாம்.

கல்லறைக்குச் செல்பவர்கள் ஞாயிறு இரவுக்குள் இங்கே பதிலளிக்கவும்.