சகாராவில் ஏது காடு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் தினாரிவென் குழுவின் 'எல்வான்' (2017) இசைத்தொகுப்புக்கு விமர்சனம் எழுதியவர், 'ஆப்பிரிக்கக் காட்டின் யானைப் பாடல்கள், கவலை மறந்து ஆடலாம்' என்று முடித்திருக்கிறார். பாடியவர்கள் மாலி நாட்டின் வடக்கே, சகாராவில் வாழும் துவாரெக் என்ற மேய்ச்சல் மக்கள். காடு எங்கிருந்து வந்தது என்று அவரிடம் கேட்டுச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

'எல்வான்' என்றால் அவர்களுடைய தமாஷெக் மொழியில் யானைகள்தான். மாலியின் கூர்மா பக்கம் நிஜ யானைகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பாட்டில் வருபவை வேறு யானைகள். ஒன்றோடொன்று மோதி, காலடிப் புல்லை நாசமாக்கும் ஆயுதக் கூட்டங்கள். 2012இல் வடக்கு மாலியைப் பிடித்த மதத் தீவிரவாதக் குழுக்கள் இசைக்கே தடை போட்டன. சொந்த மண்ணுக்குப் போக வழியில்லாமல் கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீயிலும், மொராக்கோவின் தெற்கிலுள்ள ம்ஹமித்திலும் பதிவான தொகுப்பு இது. இதைக் கேட்டுத்தான் நாங்கள் கவலை மறக்க வேண்டுமாம்.

'எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி' என்று குறை வேறு. செல்போன் ஸ்பீக்கரில் கேட்டிருப்பார். இந்தக் கிட்டார் பாணியில் கட்டைவிரல் அடித்தந்தியை விடாமல் மீட்டிக்கொண்டே இருக்கும், மற்ற விரல்கள் மேல்தந்திகளில் பாட்டை வாசிக்கும். சின்ன ஸ்பீக்கரில் அடித்தந்தி எடுபடாது. தம்புராவை நிறுத்திவிட்டுக் கச்சேரி கேட்ட கதைதான். சாதாரண ஹெட்போனே போதும். கார்ட் (சுரக்கூட்டு) மாற்றத்தைத் தேடாமல் கைத்தட்டலைப் பிடித்துக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். சில பாட்டு திஸ்ரத்தில், அதாவது மூன்று மூன்றாகப் போகும், சில சதுஸ்ரத்தில், நான்கு நான்காக. 'வினோத வாத்தியங்கள்' என்று அவர் வியந்ததில் பெரும்பகுதி எலெக்ட்ரிக் கிட்டார்.

இது முதல் தடவையும் அல்ல. இதே குழு 'தஸ்ஸிலி' தொகுப்புக்காக 2012இல் கிராமி விருது வாங்கியபோது 'பாலைவனப் பாடகர் தினாரிவென்' என்று ஒருமையில் போட்டீர்கள். அந்தப் பெயருக்கே 'பாலைவனங்கள்' என்று பன்மைப் பொருள். மேலே 'உலக இசை' என்று ஒரு தலைப்பு. 1987இல் லண்டன் மதுக்கடை ஒன்றில் கூடிய இசைத்தட்டுக்காரர்கள் கடை அலமாரிக்காகப் பிடித்த பெயர் அது. துவாரெக் இளைஞர்களுக்கு ஒட்டிய பெயர் 'இஷுமார்'. வேலையற்றவன் என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 1970களின் வறட்சியில் மந்தைகள் செத்து, பிழைப்புக்காக அல்ஜீரியாவுக்கும் லிபியாவுக்கும் போனவர்கள். குழுவின் இப்ராஹிம் அக் அல்ஹபீப் சிறுவயதில் செய்த முதல் கிட்டார் ஒரு தகர டப்பா, ஒரு குச்சி, சைக்கிள் பிரேக் கம்பி. அவர் தந்தை மாலியில் 1963இல் நடந்த துவாரெக் கிளர்ச்சியில் கொல்லப்பட்டவர். இதில் ஒரு வரிகூடவா உங்கள் பக்கத்தில் இடம்பெறத் தகுதியில்லை?

இவ்வளவையும் நீங்கள் அறியாதவர் அல்ல. அதனால்தான் வருத்தம். அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். விமர்சனத்துக்கு மேலே அச்சிட்ட அந்த யானைப் படத்துக்குப் பதிலாகக் குழுவின் படம் ஒன்றும்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரன், மதுரை