ஏதென்ஸில் இரண்டு நாள் கிடைத்தால் நாஃப்பிலியோ போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கிரீஸ் பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் ஏதென்ஸ் போகிறவர்கள் சனி, ஞாயிறில் சாண்டோரினியைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று எழுதியிருப்பதை ஒரு பழைய கப்பல்காரனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து அந்தத் தீவுக்கு விரைவுப் படகிலேயே ஐந்து மணி நேரம் ஆகும். சாதாரணக் கப்பல் என்றால் எட்டு மணி. ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்கிற வடகாற்று வலுத்துவிட்டால் படகையே அவிழ்க்க விடமாட்டார்கள். விமானத்தில் ஒரு மணிக்குள் போய்விடலாம், வாஸ்தவம். ஆனால் அந்த டிக்கெட் விலையும் சீசனில் அறை வாடகையும் கட்டுரையில் ஏனோ இல்லை.

நான் கிரேக்க முதலாளிகளின் கப்பல்களில் இன்ஜினியராக ஓடியவன். பிரேயஸை ஒட்டிய பெராமாவில் கப்பல் ரிப்பேருக்கு நின்றிருந்தபோது, பட்டறை ஃபோர்மேன்தான் எனக்கு வழி சொன்னார்: “தீவெல்லாம் வெள்ளைக்காரனுக்கு. நாங்கள் சனிக்கிழமையானால் நாஃப்பிலியோவுக்குத்தான் போவோம்.” அவரும் வெள்ளைக்காரர்தான் என்று நான் சொல்லவில்லை. விமானத்தில் வந்து கப்பலேறியவன் என்பதால் என்னிடம் ஷெங்கன் விசா இருந்தது. கப்பல் நிற்கும்போது கரையிறங்கத் தரும் ஷோர் பாஸ் மட்டும் வைத்திருக்கும் தம்பிமார் இதை முயல வேண்டாம். துறைமுகத்து ஊரையும் அக்கம்பக்கத்தையும் தாண்டினால் வம்பு.

ஏதென்ஸின் கிஃபிஸோஸ் பஸ் நிலையத்திலிருந்து நாஃப்பிலியோவுக்கு ‘கேடெல்’ என்கிற வெளியூர் பஸ் போகிறது. சுமார் 140 கிலோமீட்டர், இரண்டு மணிக்கு மேல் ஓட்டம். வழியில் கொரிந்து கால்வாய். நீரோ மன்னன் வெட்டத் தொடங்கி விட்டுப்போனதை 1893இல்தான் முடித்துத் திறந்தார்கள். ஆறு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். அகலமோ இருபத்தைந்து மீட்டர்கூடத் தேறாது. இன்றைய பெரிய சரக்குக் கப்பல் எதுவும் அதில் நுழையாது. பாலத்தில் நின்று குனிந்து பார்த்தால், நேராகச் சீவிய பாறைச் சுவர்களுக்கு நடுவே நீலக் கோடு மாதிரி தண்ணீர்.

நாஃப்பிலியோ கடலோரத்து ஊர்தான். ஆனால் கடலுக்காக மட்டும் போகிற ஊர் அல்ல. நவீன கிரீஸுக்கு ஏதென்ஸ்தான் முதலிலிருந்தே தலைநகர் என்ற தொனியில் கட்டுரை போகிறது. 1829 முதல் 1834 வரை அந்தப் பெருமை இந்தச் சின்ன ஊருக்குத்தான். பவேரியாவிலிருந்து கொண்டுவந்த பதினேழு வயது ராஜா ஓட்டோ 1833இல் இறங்கியதும் இதே கரையில்.

அவருக்கு முன் நாட்டை ஆண்டவர் கப்போதிஸ்த்ரியாஸ். ஒரு காலத்தில் ரஷ்யப் பேரரசின் வெளியுறவு அமைச்சராக இருந்த மனிதர். உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து கொடுத்தபோது ஜனங்கள் தொடவில்லையாம். உடனே மூட்டைகளுக்குக் காவல் போட்டாராம். காவல் இருந்தால் விலையுயர்ந்த சரக்காகத்தான் இருக்கும் என்று ராத்திரியோடு ராத்திரியாகத் திருடிப் போனார்களாம். இந்தக் கதையை அங்கே எல்லோரும் சொல்கிறார்கள். கதையல்லாத சங்கதி ஒன்று உண்டு. மானி பகுதியின் குலத்தலைவர் பெட்ரோபேயைச் சிறையில் போட்டதற்குப் பழியாக, அவருடைய தம்பியும் மகனும் 1831 அக்டோபர் 9, ஞாயிறு காலை, பூசைக்கு வந்த கப்போதிஸ்த்ரியாஸைப் புனித ஸ்பிரிடோன் கோயில் வாசலில் கொன்றார்கள். சந்துக்குள் ஒடுங்கிய சிறிய கோயில் அது. வாசலை ஒட்டிய சுவரில் குண்டு பாய்ந்த தடத்தைக் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள். கட்டைவிரல் நுழையும் அளவு குழிதான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பாட்டி பையில் காய்கறியோடு வந்து, சிலுவை போட்டுக்கொண்டு, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனார்.

தலைக்கு மேல் பலாமிடி கோட்டை, 216 மீட்டர் உயரத்தில். வெனிஸ்காரர்கள் 1711இலிருந்து 1714வரை கட்டினார்கள். மறு வருஷமே துருக்கியரிடம் பறிகொடுத்தார்கள். படிகள் 999 என்பது ஊர்க்கணக்கு. எண்ணியவர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். மூச்சு வாங்கியதில் நான் எண்ணவேயில்லை. துருக்கியரை எதிர்த்த விடுதலைப் போரின் தளபதி கொலொகொத்ரோனிஸை அதே விடுதலை பெற்ற அரசு 1834இல் ராஜதுரோகி என்று அடைத்த அறை இது என்று ஒரு பொந்தைக் காட்டுகிறார்கள். தவழ்ந்துதான் நுழைய வேண்டும். மறு வருஷம் மன்னிப்புக் கொடுத்து விட்டார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் பின்பக்கச் சாலை வழியாக டாக்ஸியில் ஏறிவிடலாம். கோடையில் யாராயிருந்தாலும் காலையிலேயே ஏறிவிட வேண்டும். படியில் நிழல் கிடையாது.

துறைமுகத்துக்கு எதிரே நடுத்தண்ணீரில் நிற்பது பூர்ட்ஸி கோட்டை. பலாமிடி சிறைச்சாலையாக இருந்த காலத்தில், மரண தண்டனைக் கைதிகளின் தலையை வெட்டும் ஆளை ஊருக்குள் யாரும் சேர்க்காததால் இங்கேதான் குடிவைத்தார்கள். பிற்பாடு அதையே ஓட்டலாக்கினார்கள்! படுத்தவர்களுக்குத் தூக்கம் வந்ததா, தெரியவில்லை.

குளிக்க அர்வனீத்தியா கடற்கரை. மதிலடியில் நடந்து போகிற தூரம்தான். மணல் கிடையாது, உருளைக் கல். ரப்பர் செருப்பு இல்லாமல் இறங்காதீர்கள். தொப்பி போட்ட பாட்டிமார் ஏழெட்டுப் பேர் கழுத்தளவு தண்ணீரில் வட்டமாக மிதந்தபடி ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நீந்தி, கரையேறி, துவட்டி, காபியும் குடித்தாயிற்று. அவர்கள் பேச்சு முடியவில்லை. மணல்தான் வேண்டும் என்றால் சற்றுத் தள்ளி கரத்தோனா இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு தூத்துக்குடிக்காரன் சொன்னால் நம்பலாம். மீன் விலையைக் கிலோவுக்குப் போட்டிருப்பார்கள். எடை பார்க்காமல் தலையாட்டினால் பில்லில் தெரியும். சுட்ட சாளையும் பேய்க்கணவாயும் (ஆக்டோபஸ்) போதும், கொடுத்த காசுக்குக் குறைவில்லை. சைவர்கள் ‘நிஸ்டீசிமோ’ என்று கேட்கலாம், அது அவர்களுடைய நோன்புச் சாப்பாடு: இறைச்சி, மீன், முட்டை, பால் இருக்காது. ஆனால் கணவாய்க்கும் இறாலுக்கும் அந்த நோன்பில் தடையில்லை. தட்டில் வருவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் சிந்தாக்மா சதுக்கத்தில் போய் உட்காருங்கள். வழுவழுப்பான பளிங்குத் தரை, வண்டி வராது, பிள்ளைகள் பழைய வெனிஸ் ஆயுதக் கிடங்கின் சுவரடியில் பந்தடிப்பார்கள். கிடங்கு இப்போது தொல்பொருள் அருங்காட்சியகம். காபிக்கு யாரும் விரட்டுவதில்லை. ஒரு கோப்பையோடு இரண்டு மணி நேரம் உட்காரலாம். அடியில் வண்டல் இருக்கும், கலக்கிவிடாதீர்கள்.

மூன்றாம் நாளும் கையில் இருந்தால் மிக்கீனி என்கிற பழங்கால நகரத்தின் இடிபாடுகள், எபிடாவ்ரோஸின் பழங்கால நாடக அரங்கு இரண்டும் அருகில். ஒரே நாளில் இரண்டையும் திணிக்காதீர்கள்.

அடுத்த பயண இணைப்பில் வரைபடம் போட்டால் தீவுகளோடு, நாஃப்பிலியோ இருக்கிற பெலோபொனீஸ் தீபகற்பத்தையும் சேர்த்துப் போடுங்கள். கடைசியாக ஒன்று: ஞாயிறு மாலை ஏதென்ஸ் திரும்பும் பஸ் நிரம்பிவிடும். திரும்பும் டிக்கெட்டைச் சனிக்கிழமை இறங்கியதுமே அந்த நிலையத்திலேயே எடுத்துவிடுவது நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் தலைமைப் பொறியாளர்,
தூத்துக்குடி