தூணுக்கும் சுவருக்கும் நடுவே: மதுரை பில்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையில் தனி வீடு கட்டி விற்கும் பில்டர்களுக்கும், அவர்களுக்கு பிளான் போட்டுத் தரும் இன்ஜினியர்களுக்கும் வணக்கம்.

உங்களில் ஒருவரிடம்தான் நத்தம் சாலைப் பக்கம் வீடு வாங்கினேன். பெயர் வேண்டாம், படித்தால் அவருக்கே தெரியும். கார் நிறுத்துமிடத்தைப் பற்றிப் பேசப் போனபோது உட்காரவைத்து காபி கொடுத்துவிட்டு, "இம்புட்டு அகலமான வண்டி எதுக்கு சார்? பேசாம ஒரு ஆல்டோ வாங்கிருக்கலாம்ல" என்றார். காபி நன்றாக இருந்தது. பதில்தான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஃபோர்டு மஸ்டாங். உடம்பு அகலம் 1,916 மி.மீ., அதாவது ஆறேகால் அடிக்குக் கொஞ்சம் மேல். பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் 2,080 மி.மீ. வரும். நீங்கள் தந்த பிளானில் கார் நிறுத்துமிடத்தின் அகலம் எட்டரை அடி என்று அச்சாகியிருக்கிறது. குடிவந்தபின் டேப் பிடித்துப் பார்த்தால் ஏழரை அடி. ஓர் அடி எங்கே போயிற்று? நீங்கள் எழுதியது சென்டர் டு சென்டர் அளவு, அதாவது தூணின் நடுவிலிருந்து சுவரின் நடுவரை. ஒன்பது அங்குலத் தூணில் பாதி இந்தப் பக்கம், ஒன்பது அங்குலச் சுவரில் பாதி அந்தப் பக்கம் என்று முக்கால் அடி அங்கேயே போய்விட்டது. மீதியைச் சிமெண்ட் பூச்சும், அழகுக்கு ஒட்டிய எலிவேஷன் கல்லும் தின்றுவிட்டன. வண்டிக்குக் கல்லின் அழகு தெரியாது, இடிக்கிறதா இல்லையா என்பதுதான் தெரியும்.

சரி, வண்டி உள்ளே போகாதா? போகும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாலு அங்குலம், அந்தப் பக்கம் நாலு அங்குலம், மெதுவாகப் போகும். போனபின் இறங்குவதுதான் பாடு. இது இரண்டு கதவு வண்டி. பின் சீட்டுக்கும் அதே கதவு வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் ஒவ்வொரு கதவும் சாதாரணக் காரின் கதவைவிட நீளம். நீளக் கதவு திறக்கப் பக்கத்தில் கூடுதல் இடம் வேண்டும். ஸ்டீயரிங் வலப்பக்கம், உங்கள் தூணும் வலப்பக்கம், அதுவும் கதவுக்கு நேர் எதிரே. கதவு ஒரு சாண் திறக்கும், அவ்வளவுதான். இடப்பக்கம் வாசற்படிக்காகச் சுவர் கொஞ்சம் உள்வாங்கியிருப்பதால் அந்தக் கதவு மட்டும் ஓர் ஆள் நழுவும் அளவுக்குத் திறக்கும். ஆகவே கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வரும் இரவுகளில், கஞ்சி போட்ட வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கியர் கம்பியைத் தாண்டி, பக்கத்து சீட்டில் கவிழ்ந்து, காலை முதலில் வெளியே விட்டு இறங்குகிறேன். எதிர்வீட்டுப் பிள்ளைகள் இதைப் பார்ப்பதற்கென்றே பால்கனியில் நிற்கின்றன. மூட்டு ஆபரேஷன் செய்த என் அம்மா மழையானாலும் தெருவிலேயே இறங்கி, கம்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறார். வண்டி கேட்டுக்குள் போனபின் அவரால் இறங்க முடியாது.

இது பணக்கார விளையாட்டு, நமக்கென்ன என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு தகவல் சொல்கிறேன். இப்போது வரும் டாட்டா ஹாரியர், சஃபாரி இரண்டுமே 1,922 மி.மீ. அகலம். என் ஸ்போர்ட்ஸ் காரைவிட 6 மி.மீ. கூடுதல். இன்னோவா கிரிஸ்டா 1,830. குடும்பத்தோடு அழகர்கோயில் போகிறவர்கள் ஓட்டும் வண்டிகள் இவை. மாருதி 800 வெறும் 1,440 மி.மீ. உங்கள் பிளான்கள் இன்னும் அந்தக் காலத்திலேயே நிற்கின்றன. 2019-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் ஒரு காருக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் என்று இருக்கிறது. ஏழரை அடி என்பது 2.3 மீட்டர்கூட இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். பூச்சும் கல்லும் முடிந்தபின் தூணுக்கும் சுவருக்கும் நடுவே மிஞ்சும் உள்ளளவைப் பிளானில் எழுதிக் கொடுங்கள்.

இதில் என்ன செலவு? ஒரு வரி. ஆனால் பூஜையறைக்கு அங்குலக் கணக்கில் வாஸ்து பார்க்கும் நீங்கள், சம்ப், மோட்டார், மாடிப்படி, மீட்டர் பெட்டி எல்லாம் போக மிஞ்சிய சந்துக்குக் கார் பார்க்கிங் என்று பெயர் வைக்கிறீர்கள். கேட்டை வேறு உள்பக்கம் திறக்கும்படி மாட்டியிருந்தீர்கள். வண்டி நின்றால் கேட் சாத்தாது. அதை என் செலவில் ஸ்லைடிங் கேட்டாக மாற்றினேன். உங்கள் விளம்பரப் படத்தில் ஒரு சிவப்புக் கார் நிற்கிறதே, இரண்டு பக்கமும் பூந்தொட்டி வைத்து? அது எந்த கம்பெனி வண்டி என்று சொல்லுங்கள், அதையே வாங்கிக்கொள்கிறேன். மாசி வீதி முக்கில் தேர் திரும்ப இடம் விட்டு வைத்த ஊர் இது. தல்லாகுளத்திலிருந்து நத்தம் சாலையின் 7.3 கிலோமீட்டர் மேம்பாலத்தில் வழுக்கிக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் வந்து கியர் கம்பியைத் தாண்டுகிறேன்.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுத் தூணை இனி ஒன்றும் செய்ய முடியாது, மேலே மாடி உட்கார்ந்திருக்கிறது. ஆனால் ஊமச்சிகுளம் பக்கம் புதிதாக வீடுகளுக்கு மார்க்கிங் போட்டு வைத்திருப்பதைப் பார்த்தேன். அங்கே இன்னும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டவில்லை. கம்பி கட்டுவதற்கு முன் கதவு திறக்கும் இடத்தில் தூண் வராதபடி இரண்டடி முன்னோ பின்னோ தள்ளுங்கள். உள்ளளவு பத்தடி விட முடிந்தால் மெத்த நல்லது. முடியாவிட்டால் எவ்வளவு மிஞ்சும் என்பதையாவது வாங்குகிறவரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
இடப்பக்கக் கதவு வழியாக இறங்கும் ஒரு வீட்டுக்காரன்