புள்ளி சரி, சாலை தவறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வழிகாட்டும் கருவி யாரையாவது தவறான பாதையில் கொண்டுபோய் விட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் செயற்கைக்கோளைப் பழிப்பதும், கருவியை அப்படியே நம்பிய ஓட்டுநரைப் பழிப்பதும் வழக்கமாகிவிட்டன. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் பல ஆண்டுகளாகத் திரையின் முன் அமர்ந்து வண்டிகளை அனுப்பிவரும் எனக்குத் தெரிந்தவரை, பிழை பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் சாலை வரைபடத்தில்தான் இருக்கிறது.

ஓர் இரவு வந்த அழைப்பை என்னால் மறக்க முடியவில்லை. விபத்து நடந்த இடத்திலிருந்து இருநூறு மீட்டருக்குள் எங்கள் வண்டி ஒன்று நிற்பதாகத் திரை காட்டியது, அதையே அனுப்பினேன். சில நொடிகளில் வயர்லெஸ்ஸில் ஓட்டுநரின் குரல் வந்தது: "சார், நான் பாலத்துக்கு மேல இருக்கேன், அவங்க கீழ இருக்காங்க." பாலம் முழுவதையும் கடந்து இறங்கி, எதிர்த்திசைக்குத் திரும்பி, அணுகுசாலை வழியாக அவர் வந்து சேர்வதற்குள், ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கீழ்ச்சாலையிலேயே நின்றிருந்த இன்னொரு வண்டி எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும். செயற்கைக்கோள் தந்த புள்ளியில் குறை எதுவும் இல்லை. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இருந்த இரு சாலைகளை எங்கள் வரைபடம் ஒரே கோடாக வைத்திருந்தது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைத்தால் கருவி தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத்தில் நீக்கிய பிறகு, திறந்த வெளியில் சில மீட்டர் துல்லியம் என்பது சாதாரணமாகிவிட்டது. ஆனால் உயரமான கட்டடங்களுக்கு இடையில் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் புள்ளி அடுத்த தெருவுக்கே தாவிவிடும். உயரத்தைக் கணிப்பதில் வரும் பிழையோ பக்கவாட்டுப் பிழையைவிடப் பொதுவாக அதிகம். நெடுஞ்சாலைக்கும் அதை ஒட்டிய அணுகுசாலைக்கும் இடையே இருப்பது சில மீட்டர்தான் என்னும்போது, வண்டி எந்தச் சாலையில் ஓடுகிறது என்பதைப் புள்ளி தனியாகச் சொல்லிவிட முடியாது. அந்தப் புள்ளியை, சற்று முன் வந்த புள்ளிகளோடும், வண்டி செல்லும் திசையோடும், அங்கிருந்து எந்தச் சாலைக்குத் திரும்ப முடியும் என்ற விவரத்தோடும் சேர்த்துப் பார்த்து, ஏதேனும் ஒரு சாலையின் மேல் பொருத்த வேண்டும். வரைபடம் தவறாக இருந்தால் இந்தப் பொருத்தமும் தவறும்; அப்படித் தவறிவிட்டதைத் திரை காட்டிக்கொடுக்காது.

இதில் என்னை எப்போதும் வியக்கவைப்பது, கார்களுக்கான வழிகாட்டிகள் தொடங்கிய காலத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது என்பதுதான். 1985இல் கலிபோர்னியாவில் விற்பனைக்கு வந்த எடாக் நேவிகேட்டர் என்ற கருவி செயற்கைக்கோளையே நம்பவில்லை. சக்கரத்தின் சுழற்சியிலிருந்து சென்ற தூரத்தையும், திசைகாட்டியிலிருந்து திரும்பிய பக்கத்தையும் எடுத்து, கிளம்பிய இடத்தோடு கூட்டிக்கொண்டே போகும். டயரில் காற்று சற்றுக் குறைந்தாலும் தூரக் கணக்கு பிசகும். போகப்போகப் பிசகு வளரும். அதைத் திருத்தியது, ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்த சாலை வரைபடம்! வண்டி ஒரு முனையில் வலப்புறம் திரும்பினால், அருகில் அப்படித் திரும்பக்கூடிய சாலை எது என்று வரைபடத்தில் பார்த்து, கருவி தன் இருப்பிடத்தை அந்த முனைக்கு நகர்த்திக்கொள்ளும். படகு நின்ற இடத்திலேயே இருப்பதாகவும், தீவுகளே நகர்ந்து செல்வதாகவும் கொண்டு வழி கணித்த பசிபிக் மாலுமிகளின் முறைக்குப் பெயர் எடாக். கருவிக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். இன்றும் சுரங்கப்பாதைக்குள் சமிக்ஞை அறுந்துபோகும்போது நம் கார்களில் பல கைகொள்ளும் வழி ஏறக்குறைய இதுதான்.

வரைபடம் என்றதும் வண்ணக் கோடுகள் கொண்ட படம்தான் நம் நினைவுக்கு வருகிறது. கருவி படிப்பது அந்தப் படத்தை அல்ல. எந்தச் சாலை எந்த முனையில் எதனோடு சேர்கிறது, எது ஒருவழி, எங்கே உயரம் குறைந்த பாலம், எதில் கனரக வண்டிக்குத் தடை, கதவு எண்கள் எந்தப் பக்கம் எப்படிப் போகின்றன என்ற நீண்ட பதிவேட்டை. இதற்கென்றே ஐஎஸ்ஓ 14825 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. மேம்பாலத்தின் கோடும் கீழ்ச்சாலையின் கோடும் காகிதத்தில் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பதிவேட்டைத் தொகுப்பவர் ஒரு முனையை வைத்துவிட்டால், பாலத்தின் நடுவில் இடப்புறம் திரும்பு என்று கருவி கூசாமல் சொல்லும். திரும்பக் கூடாது என்ற தடை இன்னும் நுட்பமானது. அது சாலைக்கும் உரியதல்ல, சந்திப்புக்கும் உரியதல்ல. இந்தச் சாலையில் வந்து, இந்தச் சந்திப்பைக் கடந்து, அந்தச் சாலைக்குள் நுழையக் கூடாது என்ற மூன்று கூறுகளின் உறவு அது. ஒன்று விடுபட்டாலும் தடை பயனற்றுப் போகும்.

அழைப்பவரின் பக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31 முதல் புதிய வகைக் கார்களில் கட்டாயமாக்கப்பட்ட இகால் அமைப்பு, பெரிய மோதல் நேர்ந்தால் தானாகவே அவசர உதவி எண்ணான 112ஐ அழைத்து, இடத்தோடு வண்டி சென்ற திசையையும் அனுப்புகிறது. தடுப்புச் சுவர் கொண்ட நெடுஞ்சாலையில் எதிர்ப்பக்கத்துக்கு ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்பதை அறிந்தவர்கள் வகுத்த ஏற்பாடு அது. ஆனால் திசை கிடைத்தாலும், நடுத்திட்டில் எந்த இடைவெளி இன்று திறந்திருக்கிறது, எது சென்ற மாதம் அடைக்கப்பட்டது என்பதை வரைபடம்தான் சொல்ல வேண்டும்.

என் கோரிக்கை இங்கேதான் வருகிறது. ஒரு சாலையைத் திறப்பவர்களும், ஒருவழியாக்குபவர்களும், நடுத்திட்டை அடைப்பவர்களும், அந்த மாற்றத்தை வரைபடத் தொகுப்பாளர்கள் அனைவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய வடிவில், நாளும் நேரமும் குறித்து, அன்றே வெளியிட வேண்டும். பலகை நடுவது எப்படிப் பணியின் பகுதியோ, அப்படியே இதுவும் பகுதியாக வேண்டும். இது முடியாமல் பணி முடிந்ததாகச் சான்று தரக் கூடாது. வணிக நிறுவனங்களுக்கு மட்டும் தருவதும் போதாது. 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போல, யாரும் திருத்தவும் யாரும் பயன்படுத்தவும் கூடிய வரைபடங்களுக்கும் அது போய்ச் சேர வேண்டும்.

வண்டிகளை இயக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் கடமை இருக்கிறது. தினமும் நடுத்திட்டின் ஓர் இடைவெளியில் திரும்பிக்கொண்டிருந்த வண்டிகள் ஒரு வாரமாக ஒன்றுகூடத் திரும்பவில்லை என்றால், அது அடைபட்டிருக்கிறது என்பதை எங்கள் தடப்பதிவுகளே சொல்லிவிடும். சாலையே இல்லாத இடத்தில் பத்து வண்டிகள் ஓடியதாகப் பதிவானால் அங்கே புதுச் சாலை வந்திருக்கிறது. இவற்றைப் பார்க்க ஆளில்லாமல் பழைய பதிவுகள் அழிந்துபோகின்றன. நோயாளியின் வீடு தெரியாதபடி பயணத்தின் தொடக்கத்தையும் முடிவையும், வண்டியின் அடையாளத்தையும் நீக்கிவிட்டு, நடுவில் உள்ள தடத்தை மட்டும் தொகுப்பாளர்களுக்குத் தருவதில் தடையேதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த மேம்பாலத்தை இரு சாலைகளாகப் பிரித்துத் தரும்படி நாங்கள் மூன்று முறை எழுதிக் கேட்டோம், பதில் வரவில்லை. இப்போதைக்கு, அந்தப் பகுதியிலிருந்து அழைப்பு வந்தால் வண்டியை அனுப்பும் முன், "மேலயா, கீழயா?" என்று ஓட்டுநரிடம் வயர்லெஸ்ஸில் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைப் பணியாளர் ஒருவர்